உயிரோடு விட்ட மீன்கள்

எங்கள் வாஸ்கமிக் ஊர்த் தூண்டில் சங்கத்தாரைப் போல நல்லவர்கள் இந்தக் கடற்கரையில் வேறு யாரும் கிடையாது. இதை ஊர் சொல்லவில்லை. நாங்களேதான் சொல்லிக்கொண்டு திரிந்தோம். போதாததற்குச் சட்டையிலும் அச்சடித்துப் போட்டுக்கொண்டோம். நீலச் சட்டை, முதுகில் ஒரு வரிமீன், அதன் கீழே ‘உயிரோடு விடுவோம்’ என்று கொட்டை எழுத்தில். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு பலசரக்குக் கடைக்குப் போனால்கூட நடையில் ஒரு மிடுக்கு வந்துவிடும்.

வரிமீன் என்றால் எங்களுக்கு மற்றதெல்லாம் அப்புறம்தான். செவுளிலிருந்து வால்வரை கறுப்புக் கோடுகள் ஓடும் அந்த மீன், வசந்தம் வந்ததும் தெற்கேயிருந்து எங்கள் குடாவுக்கு ஏறி வரும். ஒரு காலத்தில் பாறைமேல் நின்று வீசினால் கை ஓயும்வரை இழுக்கலாம். இப்போது கடல் உள்வாங்குகிற ஒரு வற்றம் முழுக்க இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, கொண்டுபோன காப்பியைக் குடித்துத் தீர்த்து, வெறுங்கையோடு வருவதுதான் வாடிக்கை. தெற்கே முட்டையிடுகிற ஆறுகளில் வருஷக்கணக்காகக் குஞ்சு தேறவில்லை என்கிறார்கள். சின்ன மீன் கண்ணில் படுவதே இல்லை. இருப்பதெல்லாம் பெரிய மீன்கள்தான். அவையும் போய்விட்டால் பிறகு என்ன?

இதற்கு யார் காரணம் என்பதில் எங்களுக்குள் சந்தேகமே இருந்ததில்லை. விற்பதற்காகப் பிடிக்கிறவர்கள், காசு வாங்கி மீன்பிடிக்கப் படகில் ஆள் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள், கடல்நாய்கள், பக்கத்து மாநிலத்துக்காரர்கள். எங்களைத் தவிர எல்லோரும்.

சங்கத் தலைவி டெல்ஃபினா மெடெய்ரோஸ், எங்களுக்கு டெல். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். ஐம்பத்தைந்து வயதிலும் காற்றை எதிர்த்து அவள் வீசுகிற தூரத்துக்கு எங்களில் பாதிப் பேரால் வீச முடியாது. வாயும் அதே தூரம் போகும். போன குளிர்காலக் கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

“வருஷா வருஷம் ஆகஸ்ட்ல போட்டி வெக்கறோம். எவன் பெரிய மீன கொல்றானோ அவனுக்குக் கோப்பை. செத்த மீன கொக்கில தொங்கவிட்டு, பக்கத்துல நின்னு பல்ல காட்டறோம். வெக்கமா இல்ல? பெரிய மீன் எல்லாம் பொம்பளடா. முட்ட சுமக்கறதே அதுதான். அத கொன்னுட்டு குஞ்சு எங்க குஞ்சு எங்கன்னு ஊரெல்லாம் கேட்டா?”

“செத்தாத்தானே எடை போட முடியும் டெல்? உயிரோட இருந்தா தராசுல உக்காருமா?” என்று பின்னாலிருந்து லைல் கேட்டான். தூண்டில் கடை நடத்துகிறவன். எதற்கும் ஒரு நக்கல் இருக்கும் அவனிடம்.

“எடையே வேணாம். நீளத்த அள, படம் எடு, தண்ணியில விடு. ஒருத்தர் விட்ட மீனோட நீளம் எல்லாத்தயும் கூட்டு. எவன் கூட்டு அதிகமோ அவன் ஜெயிச்சான். ஒரு மீனும் சாக வேணாம்.”

கூடமே கைதட்டியது. நீலச் சட்டையை அச்சடித்ததும் அதற்குப் பிறகுதான். லைலையே நடுவராகப் போட்டோம். போட்டி என்று வந்தால் எங்கள் ஆட்கள் பெற்ற தாயையும் ஏமாற்றுவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். அதனால் விதிகளை இறுக்கினான். மீனை அளவுப் பலகையில் நேராகக் கிடத்த வேண்டும். வாய் மூடி, பலகையின் விளிம்பைத் தொட வேண்டும். வால் நுனியைக் கிள்ளிப் பிடித்து அளவு தெரியும்படி படம் எடுக்க வேண்டும். பிறகு, இன்னார் பிடித்ததுதான் என்று தெரிய, கையில் தூக்கிப் பிடித்து இன்னொரு படம். இத்தனை கறாரான விதி எந்தச் சங்கத்திலும் இல்லை என்று அதிலும் எங்களுக்கு ஒரு பெருமை.

பெருமை தலைக்கேறினால் அடுத்தவன் கூடையை எட்டிப் பார்க்கச் சொல்லும். ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடற்கரை வண்டி நிறுத்தத்தில் ஒருவர் வாளியோடு வந்தார். கம்போடிய முகம். பக்கத்தில் மனைவி. வாளியிலிருந்து ஒரு மீன்வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஊரில் ரொட்டி வண்டி ஓட்டுகிறவர்தான். டெல்லின் பேருந்தைக் கடக்கும்போதெல்லாம் ஹாரன் அடித்துக் கையசைப்பார். பெயர் மட்டும் எங்களில் யாருக்கும் தெரியாது.

டெல் அவர் வழியில் போய் நின்றுகொண்டாள்.

“நல்லா தின்னுங்க. கடைசி மீன் வரைக்கும் விடாம தின்னுட்டு போங்க.”

“மேடம், அளவு பாத்துதான் எடுத்தேன். ஒண்ணே ஒண்ணு. ஆளுக்கு ஒண்ணு எடுக்கலாம்னு சட்டமே சொல்லுது.”

“சட்டம் சொல்லும். மனசு சொல்லுதா? கடையில கோழி கிடைக்கலயா உங்களுக்கு?”

நாங்கள் ஏழெட்டுப் பேர் நீலச் சட்டையோடு சுற்றி நின்றோம். யாரோ கைதட்டினார்கள். அவர் முகம் சிவந்து போயிற்று. ஏதோ சொல்ல வாயெடுத்தார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்த வாலை மூடினாள். திருட்டுப் பொருளை மறைப்பது போல மூடினாள். அதைப் பார்த்தபோதாவது எங்களில் ஒருவருக்கு உறைத்திருக்க வேண்டும். அதன் பிறகு ரொட்டி வண்டி பேருந்தைக் கடக்கும்போது ஹாரன் அடிப்பதில்லை. டெல் அதைக் கவனித்தாள். போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஆகஸ்ட் வந்தது. மழையில்லாத வெயில். குடாத் தண்ணீரில் கால் வைத்தால் வெதுவெதுவென்று இருந்தது. குளிர்ந்த நீர் மீனுக்கு அது ஆகாது என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. வருஷம் முழுக்க அதையேதான் பேசுகிறோம். ஆனால் சனி, ஞாயிறு போட்டி என்று அறிவித்தாகிவிட்டது. அதிசயமாக அந்த வாரம் பார்த்து ஒரு கூட்டம் பெரிய மீன்கள் குடாவுக்குள் வந்திருந்தன. விடுவோமா?

எல்லாம் கூட்டுக்கணக்கு ஆயிற்றே. முன்பெல்லாம் ஒரு பெரிய மீன் கிடைத்தால் போதும் என்று உட்கார்ந்து பீர் குடிப்பார்கள். இப்போது ஒருவரும் உட்காரவில்லை. ஒன்றை விட்ட கையோடு அடுத்ததற்கு வீசினார்கள். எடுத்த படத்தை லைலுக்கு அனுப்ப வேண்டும். அவன் கடையில் உட்கார்ந்துகொண்டு, “வால் நுனி தெரியல, மறுபடி எடு” என்பான். “வாய் தொறந்திருக்கு, செல்லாது” என்பான். அவன் பதில் வரும்வரை மீன் வெயிலில் பலகைமேல் கிடந்து செவுளை விரித்து விரித்து மூடும். மறுபடி எடுப்போம். மறுபடி தூக்கிப் பிடிப்போம். பிறகு தண்ணீரில் வைத்து முன்னும் பின்னும் அசைத்து, அது வாலை ஒரு சுண்டு சுண்டிக்கொண்டு ஆழத்துக்குப் போனதும், “போ மகளே, போ” என்று கையசைப்போம். சிலருக்குக் கண்ணே கலங்கிற்று.

ஜெயித்தது டெல்தான். ஞாயிறு மாலை கடைசியாக அவள் பிடித்த மீன் அவள் தொடையிலிருந்து பாதம் வரைக்கும் நீளம். அவ்வளவு சந்தோஷமாக அவளை நாங்கள் பார்த்ததில்லை. அந்த வியாழக்கிழமை மாநிலத் தலைநகர் பாஸ்டனிலிருந்து மீன்வள அதிகாரிகள் வருகிறார்கள். பள்ளிக்கூட அரங்கில் விசாரணை. வரிமீனை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகவே கூடாது, பிடித்து விடுவதற்கு மட்டும் அனுமதி என்று சட்டம் கொண்டுவரச் சொல்லி எங்கள் சங்கம் மனுக் கொடுத்திருந்தது. டெல் பேசப் போகிறாள். ஒரு மீனையும் கொல்லாமல் போட்டி நடத்திக் காட்டிய சங்கத்தின் தலைவி பேசினால் எடுபடாமல் போகுமா?

திங்கட்கிழமை காலை, போட்டிக்கு நட்ட கொடிகளைப் பிடுங்க டெல் தனியாகக் கடற்கரைக்குப் போனாள். வெயில் ஏறியிருந்தது. காற்று கடலிலிருந்து கரைக்கு அடித்தது. குடாவின் முடுக்கில், பாசி ஒதுங்குகிற இடத்தில், கடற்காகங்கள் கூட்டமாக அமளி செய்துகொண்டிருந்தன. என்னவென்று பார்க்கப் போனாள்.

பாசிக்குள் வெள்ளை வெள்ளையாக வயிறுகள். ஒன்றில்லை, இரண்டில்லை. முடுக்கு நெடுகக் கிடந்தன. கண்களைக் காகங்கள் தின்றுவிட்டிருந்தன. ஒவ்வொன்றின் தாடையிலும் தூண்டில் முள் ஏறிய புதுத் துளை. தான் விட்டது எது என்று தேடினாள். அடையாளம் தெரியவில்லை. எல்லாமே தான் விட்டது போலவே இருந்தது. அப்படியே ஈர மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

லைலுக்குப் போன் செய்தாள். அவன் சின்ன டிரக்கை ஓட்டிக்கொண்டு வந்து, இறங்கிப் பார்த்து, தொப்பியைக் கழற்றினான்.

“கடல்நாய் கடிச்சிருக்கும்” என்றான்.

“கடிச்ச தடம் எங்கடா இருக்கு?”

“அப்ப ஏதாச்சும் சீக்கா இருக்கும்.”

“லைல், வாயில ஓட்டையப் பாரு. நாமதான்டா. விட்டதும் ஆழத்துல போய்ச் செத்திருக்கு. நாம கை காட்டிட்டு நின்னுருக்கோம்.”

அவன் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டான். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தான். “சரி, ஆனது ஆச்சு. வியாழக்கிழம விசாரணை. இத எவனாவது படம் பிடிச்சு போட்டான்னா, பாஸ்டன்காரங்க இருக்கட்டும், நம்ம ஊர்ச் சின்னப் பசங்களே மூஞ்சில துப்புவாங்க. மண்வெட்டி வண்டியிலதான் இருக்கு. அந்த மேட்டுல புதைச்சுடலாம்.”

இந்த இடத்தில் டெல் முடியாது என்று சொல்லியிருக்கலாம். அவள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

டிரக்கின் பின்னால் முக்கால்வாசி நிறைந்தபோது, சிப்பி வாருகிற வாரியும் வாளியுமாக இரண்டு பேர் மேட்டிலிருந்து இறங்கி வந்தார்கள். ரொட்டி வண்டிக்காரர். அவர் மனைவி. டெல்லின் கையில் அப்போது ஒரு மீன் இருந்தது. கீழே போடுவதா, டிரக்கில் போடுவதா என்று தெரியாமல் குழந்தையை வைத்திருப்பது போல நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் டிரக்குக்குள் எட்டிப் பார்த்தார். அவசரப்படவில்லை. லைலின் சட்டை முதுகில் எழுதியிருந்ததை ஒரு தரம் படித்தார்.

“என்ன மேடம், எல்லாத்தயும் உயிரோட விட்டுட்டீங்களா?”

“சார், இது உங்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயம். நீங்க உங்க சிப்பிய பொறுக்குங்க” என்றான் லைல்.

“அன்னிக்கு என் வாளி மட்டும் உங்களுக்குச் சம்பந்தப்பட்டதா? ஒரே ஒரு மீனுக்கு இவங்க என்னென்ன கேட்டாங்க, என் பொண்டாட்டி முன்னாடி. இப்ப இதுக்கு நான் என்ன கேக்கணும்? நீங்களே சொல்லிக்குடுங்க, அதயே கேட்டுடறேன்.”

டெல் ஓர் அடி முன்னே வந்தாள். “சார்... உங்க பேரு...”

“அன்னிக்குப் பேரெல்லாம் யாரும் கேக்கலயே.”

அவர் மனைவி டிரக்கின் ஓரத்தில் நின்று, ஒரு மீனின் செவுளை விரலால் தூக்கி முகர்ந்து பார்த்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு கையை மணலில் துடைத்தாள்.

“கெட்டுப்போச்சு” என்றாள். “எல்லாமே. புளி ஊத்தி வெச்சா ஒண்ணுலயே ஒரு குடும்பம் சாப்பிடலாம். இது நாய்க்குக்கூட ஆகாது.”

திட்டியிருந்தால் டெல் தாங்கியிருப்பாள். அந்த அம்மாள் நிஜமாகவே வருத்தப்பட்டுச் சொன்னாள். டெல்லுக்கு மணலுக்குள் இறங்கிவிடலாம் போலிருந்தது.

“வியாழக்கிழம நாங்களும் வரோம்” என்றார் அவர், வாரியைத் தோளில் போட்டுக்கொண்டு. “நீங்க என்ன பேசறீங்கன்னு கேக்கணும்.”

புதைத்து முடித்ததும் லைல் அவளைச் சமாதானப்படுத்தினான். “அந்தாளு படம்கூட எடுக்கல டெல். அவன் சொன்னா எவன் நம்புவான்? நீ எழுதி வெச்சத அப்படியே படி. மனு ஜெயிச்சா மீனுக்குத்தானே நல்லது?” டெல் வீட்டுக்குப் போய்க் கையைக் கழுவினாள். மூன்று நாளும் கழுவிக்கொண்டே இருந்தாள் என்று அவள் புருஷன் பிறகு சொன்னான். தட்டில் லிங்குவிசாத் தொத்திறைச்சி வைத்தாலும் தொடவில்லையாம். போட்டியில் ஜெயித்த கோப்பையை எடுத்துக்கொண்டுபோய்த் துணி துவைக்கிற அறையில் வைத்துவிட்டாளாம்.

வியாழக்கிழமை அரங்கில் முன்வரிசைகள் முழுக்க நீலமாக உட்கார்ந்திருந்தோம். எங்களில் அநேகம் பேருக்கு அதற்குள் விஷயம் தெரியும். லைலின் வாய் அப்படி. தெரிந்தும் அதே சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனோம். கடைசி வரிசையில் கணவனும் மனைவியும் வந்து உட்கார்ந்தார்கள். மேடையில் மூன்று அதிகாரிகள்; நடுவில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் தலைமை.

டெல் ஒலிபெருக்கியின் முன் போய் நின்று காகிதத்தைப் பிரித்தாள்.

“எங்க சங்கம் இந்த வருஷம் போட்டியில ஒரு மீனக்கூட...”

நின்றாள். கடைசி வரிசையைப் பார்த்தாள். காகிதத்தை மடித்தாள்.

“கொன்னோம்” என்றாள். “ஒரு மீனக்கூடக் கொல்லலன்னு எழுதி எடுத்துட்டு வந்தேன். பொய். சுடு தண்ணியில பிடிச்சோம். பலகையில போட்டு அளந்தோம், படம் சரியில்லன்னு மறுபடி அளந்தோம். நீந்திப் போனது எல்லாம் பொழைச்சுதுன்னு நெனைச்சோம். திங்கக்கிழம கரையில கெடந்துச்சு.”

“எத்தனை இருக்கும்?” என்று தலைமை அம்மாள் கேட்டாள்.

“எண்ணல மேடம். யாரும் பாக்கறதுக்குள்ள புதைச்சுட்டோம்.”

லைல் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம் கட்டினான்.

“பின்னாடி ஒரு சார் இருக்காரு. சட்டப்படி ஒரே ஒரு மீன் எடுத்துட்டுப் போனாரு. அத்தன பேர் முன்னாடி நிக்கவெச்சு அவர அவமானப்படுத்தினேன். அவங்க வீட்டம்மாவயும்தான். ரெண்டு பேரும் என்னை மன்னிக்கணும்.”

வந்து உட்கார்ந்ததும் அழுதாள். ஆனால் நெஞ்சில் கிடந்த கல் இறங்கியிருந்தது. பின்னாலிருந்து ஒருவர் அவள் தோளைத் தட்டினார். “தைரியம் வேணும் டெல்” என்று யாரோ சொன்னார்கள். சிலர் கைகூடத் தட்டினார்கள். அழுகைக்கு நடுவில் அவள் முகத்தில் கொஞ்சம் தெளிச்சி வந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டதிலும் ஒரு கோப்பை வாங்கிவிட்டோமே என்று எங்களுக்கும் லேசாகப் பெருமை வரப் பார்த்தது. எங்கள் குணம் அப்படி.

அடுத்து ரொட்டி வண்டிக்காரரைக் கூப்பிட்டார்கள்.

“என் பேரு வண்ணக். ரொட்டி வண்டி ஓட்டறேன்” என்றார். “இந்தம்மா உண்மைய சொன்னாங்க. நல்லது. நான் பெரிசா பேச வரல. மீன் குறைஞ்சுபோச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கும் தெரியுது. சரி, நான் எடுக்கற அந்த ஒண்ண விட்டுடறேன். மீன் தேறி வர்ற வரைக்கும் எங்க வீட்ல வரிமீன் கிடையாது. ஆனா தண்ணி சுடற ஜூலை, ஆகஸ்ட் ரெண்டு மாசமும் இவங்களும் தூண்டில வீட்ல வெக்கட்டும். பிடிச்சு விடறதும் வேணாம். குடாப் பக்கமே வர வேணாம். இதுக்கு இவங்க சம்மதமான்னு கேட்டுச் சொல்லுங்க.”

அதிகாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைமை அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

“இது முறையான வாக்கெடுப்பு இல்ல. சும்மா தெரிஞ்சுக்கத்தான். அந்த ரெண்டு மாசம் வரிமீனுக்குத் தூண்டிலே போட வேணாம்னா யாருக்கெல்லாம் சம்மதம்? கை தூக்குங்க.”

வண்ணக் நின்ற இடத்திலேயே கையைத் தூக்கினார். அவர் மனைவி தூக்கினாள். பறவை பார்க்கப் போகிற நூலகத்து அம்மாள் தூக்கினாள். தூண்டிலையே தொடாத இன்னும் சிலர் தூக்கினார்கள்.

நீலச் சட்டைகளில் ஒரு கையும் எழவில்லை. ஒருவர் தாடையைச் சொறிந்தார். ஒருவர் போனை எடுத்துப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் செய்தது ஒன்றுதான்: டெல்லைப் பார்த்தோம். அவள் தூக்கினால் நாங்களும் தூக்கியாக வேண்டும். தூக்கிவிடக் கூடாதே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டோம்.

தூக்க வேண்டும் என்றுதான் டெல் நினைத்தாள். ஒரு நிமிஷத்துக்கு முன் அத்தனை பேர் எதிரில் எல்லாவற்றையும் கொட்டிய வாய் இதே உடம்பில்தான் இருந்தது. ஜூலை மாதக் காலையை நினைத்தாள். பாறையின் நுனி, வற்றம் திரும்புகிற நேரம், காற்று விழுந்து தண்ணீர் கண்ணாடியாக நிற்பது. நூல் சட்டென்று இறுகி, முழங்கை வரைக்கும் வந்து இடிக்கும் அந்த முதல் இழுப்பு. பள்ளிக்கூட விடுமுறை அந்த இரண்டு மாதம்தான். வருஷம் முழுக்க அவள் காத்திருப்பதும் அதற்குத்தான்.

தலைமை அம்மாள் காத்திருந்தாள். வண்ணக் திரும்பி டெல்லைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. பதில் தெரிந்துகொள்ள மட்டும் பார்த்தார்.

டெல் குனிந்து தன் கையைப் பார்த்தாள். அது மடியிலேயே இருந்தது.